இறக்காமத்துக்கு எந்த வில்?

2014 முதல் 2019 வரை ஒளிபரப்பான 'எர்துக்ருல்' என்னும் துருக்கியத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு வில்வித்தை மீது ஆசை கொண்ட இளைஞர்கள் எங்கள் கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களிலும் இருக்கின்றனர். இறக்காமத்தில் பிறந்து, இப்போது வளைகுடா நாடொன்றில் தொழில் பார்க்கும் ஒருவர் அண்மையில் என்னிடம் ஓர் ஆலோசனை கேட்டார். நமது பாரம்பரியத்துக்குரிய வில் ஒன்றை வாங்கி ஊருக்குக் கொண்டுவர விரும்புகிறாராம். துருக்கிய வில் நல்லதா, அமெரிக்கர் செய்யும் பழைய பாணி 'ரிகேர்வ்' வில் நல்லதா என்பது அவரது கேள்வி. நான் வில் வியாபாரி அல்லன். ஆயினும், 'நமது' என்று அவர் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காகவே இதனை எழுதுகிறேன்.

முதலில் ரிகேர்வ் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். நாணைக் கழற்றிவிட்டால் சாதாரண மரவில் ஏறக்குறைய நேராக நிற்கும். ரிகேர்வ் வில்லின் நுனிகளோ எய்பவனுக்கு எதிர்ப்புறமாக வளைந்து நிற்கும். நாண் பூட்டியதும் அது அந்த வளைந்த நுனிகளின் மீது படிந்து கிடக்கும். இழுக்க இழுக்க நாண் நுனிகளிலிருந்து விலகி எழும்பும். நுனிகள் நெம்புகோலாக மாறி இழுப்பவனுக்கு உதவும். ஆகவே இழுப்பின் இறுதியில் பாரம் திடீரெனக் கூடாது. ஒரே பாரமுள்ள நேர்வில்லை விட, இதனுள் அதிக சக்தி சேமிக்கப்படுகிறது. வில் குட்டையாகவும் இருக்கலாம். குதிரை மீதிருந்து எய்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் இவ்வளவு வளைவைத் தனி மரம் தாங்காது, முறிந்துவிடும். எனவே மத்திய ஆசியாவின் மேய்ச்சல் நில மக்கள் நடுவில் மெல்லிய மரமும், எய்பவனை நோக்கிய உட்புறத்தில் கொம்பும், வெளிப்புறத்தில் விலங்கின் தசைநாரும் வைத்து ஒட்டினார்கள். கொம்பு அமுக்கத்தைத் தாங்கும். நார் இழுவையைத் தாங்கும். இரண்டையும் பிணைத்து வைப்பது பசை; அதுவும் தசைநாரையோ மீனின் காற்றுப்பையையோ காய்ச்சி எடுத்த பசை. ஒரு வில்லை ஒட்டி, உலரவிட்டு, மறுபடி ஒட்டி முடிக்க ஓராண்டும் அதற்கு மேலும் செல்லும். உஸ்மானியத் துருக்கியர் இதனை உச்சத்துக்குக் கொண்டு சென்றார்கள். 1790களில் இலண்டனிலிருந்த துருக்கியத் தூதரகத்தின் செயலாளர் மஹ்மூத் எஃபெந்தி, ஆங்கிலேய வில்லாளிகள் முன்னிலையில் 482 யார் தூரம் அம்பெய்து அவர்களைத் திகைக்க வைத்தார். அவர்கள் தங்கள் நீண்ட மரவில்லால் அந்தத் தூரத்தைக் கனவிலும் எட்டியதில்லை.

இந்த அதிசயத்துக்கு ஒரு பகை உண்டு. அது ஈரம். விலங்குப் பசை ஈரக்காற்றில் இளகும், நார் தொய்யும். கொரியர்கள் தங்கள் கொம்புவில்லை ஈரமான பருவத்தில் சூடேற்றிய பெட்டிகளுக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். இந்தியாவிலோ முகலாயர் காலத்தில் முழுக்க உருக்கினாலேயே வில் செய்யத் தொடங்கினர். அதன் வேகம் குறைவுதான். ஆனால் ஆயுதசாலையில் எத்தனை மழைக்காலம் கிடந்தாலும் பிரிந்து போகாது. வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் அலமாரியிலுள்ள புத்தகங்களே பூஞ்சணம் பிடிக்கும் எங்கள் பகுதியில் ஒரு கொம்புவில்லின் கதி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, 'நமது' என்ற சொல்லுக்கு வருகிறேன். இஸ்லாமிய மரபில் வில்லுக்குத் தனி மதிப்பு உண்டு. பலம் என்பது எய்வதில் உள்ளது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதாக வரும் ஹதீஸை அறியாத முஸ்லிம் மாணவர் குறைவு. பலரும் அறியாதது வேறொன்று. எந்த வில்லைத் தேர்வது என்ற கேள்வியும் அந்த மரபில் மிகப் பழையதே. பாரசீக வில்லை ஏந்தி நின்ற ஒருவரிடம் அதனைப் போட்டுவிட்டு அரபு வில்லை எடுக்குமாறு நபியவர்கள் கூறியதாக இப்னு மாஜாவின் தொகுப்பில் ஓர் அறிவிப்பு உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கணித்துள்ளனர். ஆயினும் பிற்கால வில்லாசிரியர்கள் அதனை விடாது விவாதித்தார்கள். மொரோக்கோவில் சுமார் 1500ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டு, 1945இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அரபு வில்நூலிலும் இந்த விவாதம் இடம்பெறுகிறது. ஹிஜாஸ் நாட்டு வில்களைப் பற்றி அந்நூல் தரும் விவரம் நம் இளைஞர்களுக்கு ஏமாற்றமளிக்கக் கூடும். மலையில் வளரும் மரத்தின் ஒரே கொம்பைச் செதுக்கிச் செய்த எளிய மரவில்லும் அவற்றுள் ஒன்று. கொம்பும் நாரும் ஒட்டிய பாரசீக, துருக்கிய வில், அந்த மக்கள் இஸ்லாத்தைத் தழுவியதோடு முஸ்லிம் படைகளின் பொது ஆயுதமாயிற்று. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அதனையே.

ஹிஜாஸின் அந்த எளிய மரவில்லுக்கு மிக நெருங்கிய உறவுடைய வில்லைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. இறக்காமம் குளக்கட்டில் நின்று மேற்கே பாருங்கள். வயலுக்கு அப்பால் மலையும் காடும் தெரியும் திசையில்தான் வேடரின் வில் வாழ்ந்தது.

செலிக்மன் தம்பதியர் 1907-08இல் அந்தக் காடுகளில் அலைந்து, 1911இல் வெளியிட்ட நூலில் வேடரின் வில்லையும் விவரமாகப் பதிந்துள்ளனர். வேடனின் வில் அவனைவிட உயரமானது. ஒரே மரக் கம்பு, மரப்பட்டை நாரில் திரித்த நாண், மயிலிறகு கட்டிய அம்பு, இரும்பு அலகு, அவ்வளவுதான். பசை என்பதற்கு அதில் வேலையில்லை. முறிந்தால் மறுநாள் இன்னொரு கம்பு வெட்டலாம். இதனை நாகரிகமற்றவரின் ஆயுதம் என்று எழுதிய வெள்ளையர் பலர். அவர்களைப் படித்துவிட்டு அப்படியே எழுதிய நம்மவரும் உண்டு. மரமடர்ந்த காட்டில் சில பாகத் தூரத்துக்குப் பதுங்கிச் சென்று மானை எய்பவனுக்கு 482 யார் எதற்கு? அவனுக்கு வேண்டியது மழையில் நனைந்தும் கைவிடாத வில்.

வேடன் தானே செய்ய முடியாதது இரும்பு ஒன்றுதான். 1660இல் மூதூர்ப் பக்கம் பிடிபட்டு, கண்டி அரசில் 19 ஆண்டுகள் கைதியாக வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில் அதனைப் பெறும் முறையை எழுதியிருக்கிறார். வேடர் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, அம்பலகின் வடிவில் வெட்டிய இலையையும் வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் அந்த அளவில் அலகு அடித்து வைப்பான். முகம் காட்டாமலே கணக்குத் தீர்ந்துவிடும். பிற்காலத்தில் இந்தப் பண்டமாற்றில் எங்கள் சோனக வியாபாரிகளுக்கும் பங்கு இருந்தது. பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றித் தவளம் கொண்டு மேற்கே சென்றவர்கள், திரும்புகையில் காட்டுப் பொருள்களை ஏற்றி வந்தார்கள். (வேடர் எய்த மானின் இறைச்சி மார்க்கப்படி சோனகருக்கு ஆகாது. தேனுக்கு அந்தத் தடையில்லை!)

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இந்த உறவின் நிலத்தையே மாற்றிவிட்டது. பட்டிப்பளை ஆறு என்று நாம் அழைத்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்தபோது, வேடர் வேட்டையாடிய காட்டின் ஒரு பகுதி சேனாநாயக்க சமுத்திரத்தின் அடியில் போயிற்று. 1954இல் எஞ்சிய காட்டின் ஒரு பகுதி தேசிய பூங்காவாயிற்று. 1983இல் மாதுறுஓயாப் பூங்கா பிரகடனமானபோது வடக்கே தம்பானை வேடர்களுக்கும் இதே கதிதான். வெளியேற மறுத்துக் காட்டோரத்திலேயே வாழ்ந்த தலைவர் திசாஹாமி 1998இல் காலமானார். வில்லேந்திக் காட்டுக்குள் போனவன் சட்டத்தின் கண்ணில் திருட்டு வேட்டைக்காரனானான். அதே வில்லைச் சுற்றுலாப் பயணிகளின் முன்னால் வளைத்துக் காட்டினால் குற்றமில்லை. தம்பானையில் அந்தக் காட்சியை நானும் பார்த்திருக்கிறேன். திட்டக் காணிகளின் பங்கீட்டில் கரையோரத் தமிழ், முஸ்லிம் விவசாயிகள் அடைந்த மனக்குறையைப் பற்றி நாம் ஏராளமாக எழுதியிருக்கிறோம். அதே திட்டத்தில் வேடர் இழந்ததைப் பற்றி எங்கள் பத்திரிகைகளில் எத்தனை பத்தி வந்திருக்கும்?

இளைஞரின் கேள்விக்கு நேரடியான பதிலையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கர் ஃபிரெட் பேர் போன்றோர் 1950களில் மரத்தோடு கண்ணாடி இழையையும் இரசாயனப் பசையையும் சேர்த்து ரிகேர்வ் வில் செய்தபோது, கொம்பையும் நாரையும் வாட்டிய ஈரத்தின் தொல்லை பெரும்பாலும் நீங்கியது. ஆகவே வளைந்த வில்தான் வேண்டுமென்றால் இத்தகையதே எங்கள் ஊருக்கு ஏற்றது. துருக்கிய வடிவிலேயே கண்ணாடி இழையில் செய்த வில்களும் கிடைக்கின்றன. ஆனால் அவை குட்டையானவை. மூன்று விரலால் நாண் இழுப்பவரின் விரல்களை, கூர்ங்கோணமாக மடியும் நாண் நசுக்கும். துருக்கியர் பெருவிரலில் வளையம் அணிந்து இழுத்தார்கள். அந்த முறையைப் பயிலப் பொறுமையில்லாதவர் 62 அல்லது 64 அங்குல ரிகேர்வை எடுப்பதே நலம். பாரம் 30 இறாத்தலைத் தாண்ட வேண்டாம். வில்லில் பொறித்திருக்கும் பாரம் 28 அங்குல இழுப்புக்கு உரியது. கை நீளமானவருக்கு அது கூடும். 1960களின் பழைய வில் மலிவாகக் கிடைத்தால், கைகள் முறுக்கேறியிருக்கின்றனவா எனப் பார்த்து வாங்கி, சற்று நெகிழும் பொலியெஸ்டர் நாணையே பூட்ட வேண்டும். இக்காலத்து நீளாத நாண் பழைய நுனிகளைப் பிளந்துவிடும்.

ஊருக்குக் கொண்டுவருமுன் சுங்கத்தில் விசாரிக்கவும். எய்வது வைக்கோல் பொதியாக இருக்கட்டும். விடுமுறையில் வரும்போது ஒருநாள் கல்லோயாப் பூங்காவின் ஓரத்திலுள்ள ரத்துகலைக்கும் போய், அங்குள்ள வேடர் சம்மதித்தால் அவர்களது வில்லை ஒருமுறை வளைத்துப் பார்க்கலாம்.