மூங்கிலுப்பும் சிலிகோனும்

கடையநல்லூருக்கு மேற்கே எழும் மேற்குத் தொடர்ச்சி மலை மூங்கில் வளரும் மலை. மூங்கிலின் கணுவிடையில் தேங்கும் நீர் சில வேளை வற்றி, நீலம் கலந்த வெண்கட்டியாக இறுகும். நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். சித்த மருத்துவத்தின் மூங்கிலுப்பு இதுதான். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் 1790இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதைப் பற்றி எழுதினார். மறு ஆண்டே வேதியியலாளர் ஜேம்ஸ் மேசி அதைச் சோதித்தார். அமிலத்தில் கரையாத கட்டி, காரத்தோடு உருக்கியதும் கண்ணாடியானது. சிலிக்கா என்று தெளிந்தது. அருமையான ஆய்வு அது.

மூங்கிலுப்பை உட்கொண்டால், அதிலுள்ள சிலிக்காவில் நீரில் கரையும் சிறு பங்கை மட்டுமே குடல் உறிஞ்சும். அதுவும் சிறுநீரில் வெளியேறிவிடும். வாயுத் தொல்லைக்கு இன்று தரப்படும் சிமெத்திகோன் வேறு வகை, செயற்கைச் சிலிகோன். இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது. சிமெத்திகோனின் நீண்ட மூலக்கூறுகள் குடற்சுவரைக் கடப்பதில்லை. குமிழிகளை உடைத்துவிட்டு மலத்தோடு அப்படியே வெளியேறுகின்றன.