அக்கா லேப்டாப்பில் இருந்த பெங்குவின்

செமஸ்டர் லீவில் சின்னமனூர் பெரியம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யப் போனேன். உடைந்த குடை, பழைய கோலமாவு டப்பா இவற்றுக்கு அடியில் ஒரு லேப்டாப் கிடைத்தது. அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. சார்ஜரைச் சொருகினால், அட, உயிர் இருக்கிறது! உள்ளே விண்டோஸ் 7 மட்டும். அதற்கு மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-லேயே கைகழுவிவிட்டது.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஆன் பண்ணுனா பாஸ்னு ஒண்ணு, விண்டோஸ்னு ஒண்ணு, ரெண்டு வரும்டா. பாஸ் எதுக்குன்னு யாரும் சொல்லல. இடத்த அடைக்குதேன்னு சிஸ்டம் கடைல குடுத்து அழிச்சுட்டோம்."

காசு கொடுத்து அழித்திருக்கிறார்கள் மக்களே! அந்த பாஸின் கதை தெரிந்தால் கொஞ்சம் வயிறு எரியும்.

2006 வாக்கில் எல்காட்டின் நிர்வாக இயக்குனராக இருந்தவர் உமாசங்கர் ஐஏஎஸ். அரசுக்குக் கணினி வாங்கிக் கொடுக்கும் நிறுவனம் எல்காட். ஊருக்கு உபதேசம் செய்யுமுன் அவர் தன் அலுவலகக் கணினிகளை முதலில் சூசே லினக்ஸுக்கு மாற்றினார். 2007-ல் பள்ளிகளுக்கான சுமார் 30,000 கணினிகளிலும் லினக்ஸ்தான் என்று செய்தி வந்தது. அதே 2007-ல் சென்னையில் உள்ள சி-டாக், டெபியனை அடிப்படையாக வைத்து 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. மெனுவிலிருந்து எல்லாம் தமிழில் பார்க்கலாம். 2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அப்படித்தான் பாஸ் எங்கள் பெரியம்மா வீடு வரை வந்து சேர்ந்தது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகளையே பாஸுக்கு மாறச் சொன்னார்கள்.

ஆக, வாசல் வரை வந்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கத்தான் ஆள் இல்லை.

இப்போது கம்பம்மெட்டு ஏறி அந்தப் பக்கம் போவோம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு நம்ம ஊர் ஜீப்புகள் தினமும் போகிற பாதைதான். கேரளாவில் 2001-ல் 'ஐடி அட் ஸ்கூல்' என்ற திட்டம் ஆரம்பித்தார்கள். சில வருடங்களில் அரசுப் பள்ளிகள் முழுக்க லினக்ஸுக்குப் போயின. டெபியன், பிறகு உபுண்டு என்று தங்களுக்கேற்ற பதிப்பைத் தாங்களே தயார் செய்தார்கள். முக்கியமான விஷயம் அதுவல்ல. வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகம் அதை வைத்தே எழுதினார்கள், பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வும் அதிலேயே நடந்தது. மார்க் இருக்கிறதென்றால் பிள்ளைகள் படிக்க மாட்டார்களா என்ன? குமுளியில் இருக்கும் மாமா பெண்ணிடம் லினக்ஸ் தெரியுமா என்று கேட்டேன். "ஸ்கூல்ல அதானே அத்தான்" என்று ஒரு மாதிரியாகப் பார்த்தாள். (அசிங்கம்தான், விடுங்கள்.)

எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பாஷையில் சொன்னால், இங்கே லைசென்ஸ் செலவு மிச்சம். பழகும் செலவை மட்டும் அக்கா தலையில் கட்டிவிட்டார்கள்.

சரி, பரண் லேப்டாப்புக்கு வருவோம். தங்கை பத்தாவது படிக்கிறாள். புதுசு வாங்க வீட்டில் இப்போதைக்கு வழியில்லை. இருப்பது 2 ஜிபி ராம். அதனால் டெபியனையே எல்எக்ஸ்கியூடி என்ற லேசான முகப்போடு போட்டேன். அழித்த பாஸின் தாய்வீடு!

உங்கள் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம். முதலில் போட்டோ, சர்டிபிகேட் எல்லாம் வேறு இடத்தில் காப்பி எடுங்கள். நான் ஒரு போல்டரை மறந்து அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றும் வேலை செய்தால் மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்கள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கலாகத்தான் தெரியும். பயப்பட வேண்டாம், யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு.

கற்றுக்கொள்ள ஆங்கிலம் வேண்டியதில்லை. 2012-ல் தொடங்கிய கணியம் இதழில் து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் GNU/Linux' தொடர் இலவச மின்னூலாகவே கிடைக்கிறது. மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' தளத்தில் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் பாடங்கள் தமிழ்க் குரலில் இருக்கின்றன. பத்துப் பத்து நிமிட வீடியோக்கள், பக்கத்திலேயே செய்து பார்க்கலாம்.

பி.காம். மக்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. குனுகாட்டா என்று ஒரு சுதந்திரக் கணக்கு மென்பொருள் இருக்கிறது, டெபிட் கிரெடிட் புரிய நல்லது. ஆனால் வேலைக்குப் போகிற இடத்தில் டேலிதான் கேட்பார்கள். என் சிஸ்டத்தில் இன்னும் இரண்டும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

தங்கை முதல் நாள் "இதுல ஸ்டார்ட் எங்க இருக்கு?" என்றாள். மூன்றாம் நாள் தமிழ்க் கட்டுரையை அவளே டைப் அடித்து பிடிஎஃப் எடுத்துவிட்டாள். இணையம் திறந்தால்தான் மூச்சு வாங்குகிறது. ராம் இன்னொரு 2 ஜிபி போட வேண்டும், தேனியில் செகண்ட் ஹேண்ட் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.