மூன்று வரிச் செய்தியாகிப் போன ஒரு வெண்கலப் பதக்கம்

1992 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 8 ஆம் திகதி, சனிக்கிழமை. கொழும்பில் நான் அப்போது பணியாற்றிய நாளிதழ் அலுவலகத்தில் காலை முதல் எவருக்கும் ஓய்வில்லை. அராலி முனையில் கண்ணிவெடி வெடித்து மேஜர் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவவும் அவருடன் சென்ற மூத்த அதிகாரிகளும் கொல்லப்பட்டிருந்தனர். முதற்பக்கம் நாலைந்து தடவை பிரித்துக் கட்டப்பட்டது. ஆசிரியபீடத்தில் வயதில் இளையவனான என்னிடம் வெளிநாட்டுச் செய்திகளும் பார்சிலோனா ஒலிம்பிக்கும் ஒப்படைக்கப்பட்டிருந்தன. நள்ளிரவு தாண்டியபின் செய்தி நிறுவனம் அனுப்பிய ஒரு தகவல் வந்தது: ஆண்களுக்கான கூடைப்பந்தாட்டத்தில் லித்துவேனியா, முன்னாள் சோவியத் குடியரசுகளின் ஒருங்கிணைந்த அணியை 82 - 78 எனத் தோற்கடித்து வெண்கலப் பதக்கம் பெற்றது. இடமில்லை என்று சொல்லி அதை மூன்று வரிகளாக்கினேன். அருகில் அமெரிக்கக் 'கனவு அணி'யின் படம் பெரிதாக இருந்தது.

அந்த மூன்று வரிகளுக்காகப் பிற்காலத்தில் பலமுறை வருந்தியிருக்கிறேன். அமெரிக்கர் தங்கம் வென்றதில் செய்தி எதுவுமில்லை. அது முன்னரே முடிவான காரியம். உண்மையான செய்தி மூன்றாம் இடத்தில் கிடந்தது. ஒரு நாடு தன் தேசிய அணியைச் சர்வதேசப் போட்டிக்குத் தயார்படுத்துவது என்றால் என்ன என்பதை, எனக்குத் தெரிந்தவரை, லித்துவேனியர் அளவுக்கு நீண்ட காலம் பாடுபட்டுக் கற்றவர்கள் வேறு எவருமில்லை. நாலு வாரப் பயிற்சி முகாமில் முடிந்த வேலையல்ல அது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

கதை புலம்பெயர்ந்தவர்களிடமிருந்து தொடங்குகிறது. 1936 ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்க விளையாட்டாயிற்று. இறுதியாட்டம் திறந்தவெளி மண் மைதானத்தில், கொட்டும் மழையில் நடந்தது. சேற்றில் பந்து எழும்ப மறுத்தது. அமெரிக்கா 19 - 8 எனக் கனடாவை வென்றது. அந்த அமெரிக்க அணியில் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த பிராங்க் லூபின் என்ற நெடிய இளைஞர் இருந்தார். பெற்றோர் லித்துவேனியக் குடியேறிகள். போட்டி முடிந்ததும் அவர் தம் பெற்றோரின் நாட்டுக்குச் சென்றார். அங்கே அவர் பெயர் பிரானஸ் லூபினஸ் ஆயிற்று.

அப்போதைய லித்துவேனியா கூடைப்பந்தில் ஒரு பொருட்டேயல்ல. 1935 இல் ஜெனிவாவில் நடந்த முதலாவது ஐரோப்பியச் சுற்றுப்போட்டியில் கிண்ணம் வென்றது பக்கத்து நாடான லாத்வியா. ஆனால் 1937 இல் லாத்வியத் தலைநகர் ரீகாவிலேயே நடந்த இரண்டாவது சுற்றுப்போட்டியில் லித்துவேனியா இத்தாலியை 24 - 23 எனத் தோற்கடித்து வாகை சூடியது. அணியை நடத்தியவர் பெலிக்சஸ் கிரியாவுச்சூனஸ். அவரும் அமெரிக்காவிலிருந்து வந்தவர். ஒரு புள்ளி வித்தியாசத்தில் கிடைத்த அந்த வெற்றி நாட்டையே பந்தின் பின்னால் ஓடவைத்தது. அடுத்த போட்டியை நடத்தும் உரிமை அவர்களுக்கு வந்தது. வில்னியஸ் அப்போது போலந்தின் வசம் இருந்ததால் கௌனாஸ் நகரே தற்காலிகத் தலைநகர். அங்கே கூடைப்பந்துக்கென்றே ஒரு மண்டபம் கட்டினார்கள். 1939 மே மாதம் அந்த மண்டபத்தில் லித்துவேனியா லாத்வியாவை 37 - 36 என வென்றது. கடைசி நொடிகளில் வெற்றிப் புள்ளியைப் போட்டவர் லூபினஸ். பயிற்றுவிப்பாளரும் அவரே, ஆட்டக்காரரும் அவரே. கடல் கடந்து இறக்குமதி செய்த ஆட்களைக் கொண்டு வென்றார்கள் என்று லாத்வியர் முறையிட்டார்கள். முறைப்பாட்டில் நியாயம் இல்லாமலுமில்லை.

(நம்மவர்களுக்கு இதில் ஒரு சிறு ஒப்புமை உண்டு. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கூடைப்பந்தை வேரூன்ற வைத்தவர்கள் அமெரிக்க இயேசு சபைத் துறவிகள். அவர்களுள் ஒருவரான அருட்தந்தை யூஜின் ஹேபெர்ட் 1990 ஆகஸ்ட் 15 ஆம் திகதி வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். அவரிடம் பந்து பிடிக்கக் கற்றவர்கள் இன்று உலகின் பல மூலைகளில் இருக்கிறார்கள். இவ்வரிகளை அவர்களுட் சிலரும் படிக்கக்கூடும்.)

போர் மூண்டதும் லூபினஸ் அமெரிக்கா திரும்பினார். 1940 இல் சோவியத் படைகள் லித்துவேனியாவினுள் நுழைந்தன. பின்னர் ஜேர்மனியர் வந்தார்கள், மறுபடி சோவியத்தினர். நாடு வரைபடத்திலிருந்து மறைந்தது. மண்டபம் மட்டும் நின்றது.

இனி வருவதுதான் விசித்திரம். 1947 இல் சோவியத் யூனியன் முதன்முறையாக ஐரோப்பியச் சுற்றுப்போட்டிக்கு அணி அனுப்பி வென்றபோது, ஸ்தேபஸ் புதவுதஸ், யுஸ்தீனஸ் லகுனாவிச்சுஸ் போன்ற லித்துவேனியர் அதில் முக்கிய பங்கு வகித்தனர். அவர்களுடைய ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் சைபீரியாவுக்கு ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1972 மே மாதம் கௌனாஸ் நகரில் ரோமஸ் கலந்தா என்ற பத்தொன்பது வயது மாணவன் சோவியத் ஆட்சியை எதிர்த்துத் தீக்குளித்தான், நகரம் கொந்தளித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில், மூன்று நொடிகள் திரும்பத் திரும்ப ஆடப்பட்ட அந்தப் பிரபல ஆட்டத்தில், சோவியத் யூனியன் 51 - 50 என அமெரிக்காவை வென்றது. சோவியத் அணித்தலைவர் மொதெஸ்தஸ் பௌலவுஸ்காஸ், கௌனாஸ் கழகத்தின் ஆட்டக்காரர். அவரை எப்படி மதிப்பிடுவது? துரோகி என்று சொல்ல அன்றும் ஆளில்லை, இன்றும் ஆளில்லை. அந்தப் பதக்கம் மட்டும் சோவியத் கணக்கில்தான் எழுதப்பட்டது.

கௌனாஸ் கழகத்தின் பெயர் ஷல்கிரிஸ். 1410 இல் லித்துவேனியரும் போலந்தினரும் டியூட்டோனிக் வீரசபையைத் தோற்கடித்த போரின் பெயர் அது. தேசியக் கொடியை உயர்த்த முடியாத நாட்டில் அந்தப் பெயரை உரக்கக் கூவலாம். மொஸ்கோ இராணுவக் கழகத்துக்கும் ஷல்கிரிஸுக்கும் நடந்த ஆட்டங்களை வெறும் விளையாட்டாக எவரும் பார்க்கவில்லை. 1985, 1986, 1987 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஷல்கிரிஸ் சோவியத் சம்பியனானது. பயிற்றுவிப்பாளர் விளாதஸ் கராஸ்தாஸ். நடுவில் நின்றவர் 2.21 மீற்றர் உயரமான அர்விதஸ் சபோனிஸ்.

சோவியத் தயாரிப்பு முறை இறுக்கமானது. மொஸ்கோவுக்கு வெளியே நோவோகோர்ஸ்க் முகாமில் ஆட்டக்காரர்கள் குடும்பத்தைப் பிரிந்து நாட்கணக்கிலல்ல, மாதக்கணக்கில் அடைந்திருப்பார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்குக்கு அவர்களைத் தயார்படுத்தியவர் அலெக்சாந்தர் கொமெல்ஸ்கி. தங்கம் வென்றால் வெளிநாடு சென்று ஆட அனுமதி பெற்றுத் தருவேன் என்று அவர் வாக்களித்ததாகச் சொல்வார்கள். குதிகால் நரம்பு அறுந்திருந்த சபோனிஸ் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், அவரை உரிமைகோரியிருந்த கழகத்தின் மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றார். முழுமையாகக் குணமாகுமுன் ஆடவேண்டாம் என்பது அவர்களது அறிவுரை. ஆடினார். அரையிறுதியில் அமெரிக்கா 82 - 76 எனத் தோற்றது. இறுதியில் யூகோஸ்லாவியாவும் வீழ்ந்தது. அந்தச் சோவியத் அணியின் தூண்கள் நால்வர்: சபோனிஸ், சாருனஸ் மார்ச்சுலியோனிஸ், ரிமாஸ் குர்தினைட்டிஸ், வால்தேமரஸ் கோமிச்சுஸ். நால்வரும் லித்துவேனியர். அந்தத் தோல்வியே தொழில்முறை ஆட்டக்காரரை ஒலிம்பிக்குக்கு அனுப்பும் எண்ணத்தை அமெரிக்காவில் வலுப்படுத்தியது என்பார்கள். 1989 இல் சர்வதேச சம்மேளனமும் கதவைத் திறந்துவிட்டது. ஆகவே 'கனவு அணி' பிறந்ததில் லித்துவேனியருக்கும் பங்குண்டு.

1990 மார்ச் 11 ஆம் திகதி லித்துவேனியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. ஷல்கிரிஸ் சோவியத் போட்டிகளிலிருந்து விலகியது. அவ்வாண்டு உலகச் சுற்றுப்போட்டிக்குச் சோவியத் அணி லித்துவேனியர் இல்லாமலே சென்றது. 1991 ஜனவரி 13 இல் வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தடியில் கூடிநின்ற மக்கள் மீது தாங்கிகள் ஏறின. பதினான்கு பேர் உயிரிழந்தனர். செப்டெம்பரில் மொஸ்கோ சுதந்திரத்தை அங்கீகரித்தது. அடுத்த ஒலிம்பிக்குக்கு ஓராண்டுகூட இல்லை.

இப்போது தேசிய அணி ஒன்றைத் தயாரிக்கவேண்டும். ஆட்டம் கற்பிக்க வேண்டியதில்லை. அதை எதிராளியே செலவு செய்து கற்பித்துவிட்டான். இல்லாதவை மற்றெல்லாம். பணமில்லை, சீருடையில்லை, பயணச்சீட்டு இல்லை. ஆட்டக்காரர்கள் ஸ்பெயின், ஜேர்மனி, அமெரிக்கா என்று சிதறிக் கிடந்தார்கள். அர்தூரஸ் கர்னிசோவஸ் என்ற இளைஞர் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் படித்துக்கொண்டிருந்தார். சோவியத் முகாமில் உணவும் உறைவிடமும் அரசு கொடுத்தது. இங்கே அரசே கடன் கேட்டு நின்றது.

இந்த இடத்தில் மார்ச்சுலியோனிஸ் செய்த வேலை விளையாட்டு வரலாற்றில் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் கருத்து. 1989 முதல் அவர் கலிபோர்னியாவில் கோல்டன் ஸ்டேட் கழகத்துக்கு ஆடிவந்தார். பகலில் ஆட்டம், இரவில் தொலைபேசி. பழைய தோழர்களை அழைத்துச் சேர்த்தார், உண்டியல் குலுக்கினார். அவரது கழகத்தின் உதவிப் பயிற்றுவிப்பாளர் டொன் நெல்சன் (தலைமைப் பயிற்றுவிப்பாளரின் மகன்) கூட நின்றார். இவர்களின் அலைச்சலை சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று எழுதியது. அதைப் படித்த 'கிரேட்ஃபுல் டெட்' என்ற ரொக் இசைக் குழுவினர் பணம் கொடுத்தார்கள். பெட்டி பெட்டியாகச் சட்டைகளும் வந்தன: மஞ்சள், பச்சை, சிவப்பு என லித்துவேனியக் கொடியின் வண்ணங்கள் குழம்பிப் பரந்த சாயச் சட்டைகள், நடுவே கூடைக்குள் பந்தை அறையும் ஓர் எலும்புக்கூடு. வரைந்தவர் நியூயோர்க் ஓவியர் கிரெக் ஸ்பியர்ஸ். சட்டைகள் விற்றும் பணம் சேர்ந்தது. ஒரு பத்திரிகைச் செய்தி இவ்வளவைச் செய்யும் என்று நினைக்கும்போது என் மூன்று வரிகள் இன்னும் உறுத்துகின்றன.

கராஸ்தாஸ் பயிற்சியைப் பொறுப்பேற்றார். ஸ்பெயினில் நடந்த ஐரோப்பியத் தகுதிகாண் சுற்றில் குரோஷியா, ஜேர்மனி, ஒருங்கிணைந்த அணி ஆகியவற்றுடன் லித்துவேனியாவும் தேறியது. பார்சிலோனாவில் பிரிவு ஆட்டத்தில் ஒருங்கிணைந்த அணியிடம் தோற்றார்கள். காலிறுதியில் பிரேசிலை 114 - 96 என வென்றார்கள். அரையிறுதியில் கனவு அணி 127 - 76 என நசுக்கியது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்களுக்கு இறுதியாட்டம் என்பது அடுத்ததாக வந்த மூன்றாம் இடத்துக்கான ஆட்டந்தான்.

எதிரே ஒருங்கிணைந்த அணி. அதாவது நான்கு ஆண்டுகளுக்கு முன் சியோலில் ஒரே சட்டை அணிந்து தங்கம் வாங்கிய தோழர்கள். ஒருவர் கை எங்கே போகும், எவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதெல்லாம் இருபக்கமும் அறிந்தவை. சபோனிஸ் 27 புள்ளிகள், மார்ச்சுலியோனிஸ் 29. நாலே புள்ளி வித்தியாசம். ஆட்டம் முடிந்ததும் நாட்டின் தலைவர், இசைப் பேராசிரியர் விதவுதஸ் லண்ட்ஸ்பெர்கிஸ், ஆடை மாற்றும் அறைக்கே வந்தார். அவருக்கும் எலும்புக்கூட்டுச் சட்டையை மாட்டி, தலையில் ஷாம்பெயின் ஊற்றினார்கள். பதக்கமேடைக்கும் அதே சட்டையோடுதான் ஏறினார்கள்.

1996, 2000 ஒலிம்பிக்குகளிலும் அவர்களுக்கு வெண்கலம் கிடைத்தது. 2003 இல் ஐரோப்பியக் கிண்ணம் மீண்டும் வந்தது. 2023 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவை 110 - 104 என வென்றார்கள். ஆனால் 2021 இல், சொந்தக் கௌனாஸ் நகரிலேயே ஸ்லோவேனியாவிடம் தோற்று டோக்கியோ வாய்ப்பை இழந்தார்கள். 2024 பரிஸ் ஒலிம்பிக்குக்கும் தகுதி பெறவில்லை. இப்போது பணமுண்டு, அரங்கமுண்டு. ஆட்டக்காரரைக் கழகங்களிடமிருந்து பெற்று ஒன்றாகப் பயிற்சி கொடுக்க நாட்கள்தாம் போதவில்லை.

அந்த இரவின் தோற்ற பக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். ஒருங்கிணைந்த அணியில் அலெக்சாந்தர் வொல்கோவ் ஆடினார். கீவ் கழகத்தில் வளர்ந்தவர். 1989 இல் மார்ச்சுலியோனிஸ் அமெரிக்கா போன அதே பருவத்தில் தாமும் அட்லாண்டா கழகத்துக்குப் போனவர். அவர் அணிக்குக் கொடி ஒலிம்பிக் கொடி. கீதமும் ஒலிம்பிக் கீதமே. மறுநாள் ஆகஸ்ட் 9, நிறைவு விழா. அதன்பின் அப்படியோர் அணி எங்கும் ஆடவில்லை.