கடவம் சுமந்தோர்

நாஞ்சில் நாட்டைத் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று வரலாறு எழுதியோர் மறவாமல் குறிப்பிடுவர். அந்நெல் சோறானபின் அதற்குத் துணையாய் வந்த மீன், கடற்கரையிலிருந்து நகரத்து அடுக்களையை எவ்வாறு அடைந்தது என்று எழுதியோர் மிகச் சிலரே. வயலுக்கும் கடலுக்கும் இடையே சில கல் தொலைவுதான். அத்தொலைவைத் தலைச்சுமையோடு கடந்தவர்கள் நம் கடலோரத் தாய்மார்கள்.

கோட்டாறு பழம்பெரும் சந்தை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறித்த 'கொட்டியாரா' இவ்வூரே எனக் கருதுவோர் உண்டு. இங்கும் வடசேரிக்கும் பள்ளம், மணக்குடி, இராஜாக்கமங்கலம்துறை முதலிய ஊர்களிலிருந்து பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, பனையோலைக் கடவத்தில் சாளையும் நெத்திலியும் அயிலையும் சுமந்து ஓட்டமும் நடையுமாக வந்தனர். பனிக்கட்டி கிடைக்காத காலம் அது. வெயில் ஏற ஏற மீன் தளரும். மீன் தளரத் தளர விலை இறங்கும். ஆகவே அந்த ஓட்டம். சந்தைக்கு வர இயலாத வீடுகளின் வாசலுக்கும் அவர்களே சென்றனர். கையில் காசில்லாதவர்க்குக் கடனாகவும் கொடுத்தனர். ஏழை வீட்டில் பச்சைமீன் மணந்தது பெரும்பாலும் இவ்வாறுதான்.

கடற்கரையிலோ வேறொரு கட்டு இருந்தது. வலைக்கும் மரத்துக்கும் முன்பணம் தந்த வியாபாரிக்கே மீனைக் கொடுக்க வேண்டும். அவர் சொன்னதே விலை. இக்கட்டை அறுக்க 1970களில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் துணையோடு ஊர்தோறும் மீனவர் சங்கங்கள் எழுந்தன. திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாட்டில் மீனவர்கள் கண்ட வழி இவற்றுக்கு முன்மாதிரியாய் அமைந்தது. சங்கமே ஏலம் விட்டது. விற்ற தொகையில் ஒரு சிறு விழுக்காடு பிடிக்கப்பட்டு, ஒரு பங்கு கடனுக்கும் ஒரு பங்கு சேமிப்புக்கும் போயிற்று. 1980இல் இத்தகைய சங்கங்களின் தென்னிந்தியக் கூட்டமைப்பும் திருவனந்தபுரத்தில் உருவாயிற்று. மக்கள் தம் கையாலேயே தம் சந்தையை மீட்ட இவ்வரலாற்றை நாம் பெருமையோடு நினைக்கலாம்.

ஆனால் சங்கத்தில் உறுப்பினராய் இருந்தவன் கடலுக்குச் செல்லும் ஆண். அதே ஏலத்தின் மறுபக்கம் கடவத்தோடு நின்ற அவன் மனைவிக்கும் தங்கைக்கும் அவ்விடம் இல்லை. மீனுக்கு நல்ல விலை கிடைத்தபோது அவளுக்கு முதல் கூடியது. அம்முதலுக்கு அவள் நாடியது நாள்வட்டிக்காரரை. பனிக்கட்டியும் வண்டியும் கொண்டுவந்த பெருவியாபாரியோடு ஏலத்தில் போட்டியிட வேண்டியவளும் அவளே. மகளிர் சேமிப்புக் குழுக்கள் பின்னாளில்தான் வந்தன. கரையில் வென்ற இயக்கம் சாலையை எட்டவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

அச்சாலையில் பேருந்து ஓடத் தொடங்கியபோது நடை குறையும் என்று எண்ணினர். கடவத்தைக் கண்டால் பேருந்து நிற்காமலே போயிற்று. மீன் வாடை தாங்காதவர் பலர். அவர்களுள் மீன்குழம்பை வெறுத்தவர் எத்தனை பேர் என்பது வேறு செய்தி. திருவனந்தபுரத்து மீனவப் பெண்கள் இதனை விதியென்று விடவில்லை. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் அணிதிரண்டு, ஊர்வலம் சென்று, அரசிடம் கேட்டனர். மீன் விற்கும் பெண்களுக்கென்றே தனிப் பேருந்துகள் பெற்றனர். சந்தைகளில் குத்தகைதாரர் மிகையாய்ப் பறித்த வரியையும் எதிர்த்தனர். நகரத்தாருக்குப் பச்சைமீன் தடையின்றிக் கிடைத்ததில் அப்போராட்டத்துக்கும் பங்குண்டு.

நம் மாவட்டத்திலோ, 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், குளச்சல் பேருந்து நிலையத்தில் மீன் விற்றுத் திரும்பிய முதிய தாய் ஒருவர், வாடை வீசுகிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் அழுது நியாயம் கேட்ட காட்சி நாடெங்கும் பரவியது. முதலமைச்சர் வருத்தம் தெரிவித்தார். பணியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். செய்தி சில நாளில் அடங்கியது.

இன்று நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு ஆட்டோ பிடித்துச் சந்தைக்கு வருவதைக் காண்கிறோம். வாடகையைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். மீன்பாடு குறைந்த நாளிலும் அவ்வாடகை குறைவதில்லை; அதைக் கழித்துத்தான் அவர்கள் சாளைக்கு விலை சொல்கின்றனர். நாமோ அவ்விலையிலும் பத்து ரூபாய் குறைத்துக் கேட்கிறோம்.