ஓசியில கொடுத்தவர் எப்படிச் சாப்பிட்டார்?

காலேஜ் படிக்கும்போது, 'சாஃப்ட்வேருக்குக் காசு கேக்கறவன் பாவி'ங்கற கட்சி நான். ஆறேழு வருஷமா பொட்டி தட்டி மாசச் சம்பளம் வாங்கின பிறகு அந்த வீராப்பு கொஞ்சம் இறங்கியிருக்கு. காரணம், வெர்னர் கோக் என்கிற ஜெர்மானியரின் கதை.

1991-ல் ஃபில் ஜிம்மர்மேன் பிஜிபி-யை வெளியிட்டார். மின்னஞ்சலைப் பூட்டி அனுப்பற மென்பொருள். ஆனா அப்போ அமெரிக்காவிலிருந்து இந்த மாதிரி சமாச்சாரங்களை ஏற்றுமதி பண்ண ஏகப்பட்ட கட்டுப்பாடு. 1997-ல் ஜெர்மனியில் பேசிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 'எங்களால ஏற்றுமதிதான் பண்ண முடியாது. நீங்க எழுதுங்க, நாங்க இறக்குமதி செஞ்சுக்கறோம்'ங்கற ரீதியில் சொல்லிட்டுப் போனார். கேட்டுக்கிட்டிருந்த கோக் அந்த வருஷக் கடைசியிலேயே முதல் வடிவத்தை வெளியிட்டார். 1999-ல் க்னூபிஜி 1.0 வந்தது. மூலநிரலோடு, முழுக்க இலவசம்.

நாம லினக்ஸில் இறக்கற பொதி ஒரிஜினல்தானான்னு பல வருஷம் சரிபார்த்தது இதுதான். ஸ்னோடென் நம்பினதும் இதைத்தான். ஆனா கோக்கின் வருமானம்? 2001-லிருந்து சராசரியா வருஷத்துக்கு 25,000 டாலர் வாக்கில். ஜெர்மன் அரசு கொடுத்துவந்த பணமும் 2010-ல் நின்னுபோச்சு. பேசாம வேற வேலைக்குப் போயிடலாம்னு 2013-ல் முடிவெடுக்கப் போனவரைத் தடுத்தது, ஸ்னோடென் விவகாரம் வெடிச்சதுதான்.

2015 பிப்ரவரியில் ப்ரோபப்ளிகா இவர் நிலைமையை எழுதிச்சு. அன்னைக்கே நன்கொடை கொட்டிச்சு. ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் வருஷத்துக்குத் தலா 50,000 டாலர் தர்றதா அறிவிச்சாங்க. பதினேழு வருஷம் கண்ணுல படாதவர், ஒரே நாளில் பட்டுட்டார்!

இதோட முடிஞ்சிருந்தா, 'உண்டியல் குலுக்கிப் பிழைச்சார்'னு எழுதிட்டுப் போயிருப்பேன். ஆனா 2022 ஜனவரியில் அவரே, 'இனி நன்கொடை வேண்டாம்'னு அறிவிச்சார். ரகசிய ஆவணங்களைக் கையாள ஜெர்மன் அரசு அங்கீகரிச்ச பதிப்பையும் அதற்கான சேவையையும் வித்தே கம்பெனி நடக்க ஆரம்பிச்சிருந்தது. மூலநிரல் அப்பவும் எல்லாருக்கும் திறந்துதான் இருந்தது.

ஆக, கட்டற்ற மென்பொருளும் சோறும் ஒரே தட்டில் வரும். ஆனா அதுக்கு அவருக்கு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவ்வளவு நாள் எத்தனை பேரால தாக்குப்பிடிக்க முடியும்?

இத்தனை வருஷத்தில் நான் அவருக்கு அனுப்பினது சைபர். பாவி யாருன்னு இப்பத்தான் புரியுது :-(