தான்றிக்காயும் சுழற்பொறியும்

தாம்பரத்துக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரியை அடுத்துப் பொத்தேரி என்னும் ஊர் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, அவ்வூர்ப் புகைவண்டி நிலையத்தில் என் அருகே ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். அவர் கைப்பேசியில் மூன்று சக்கரங்கள் சுழன்று நின்றன. இரண்டில் பரிசுச் சின்னம். மூன்றாவதில் அது கோட்டுக்கு மேலே நின்றுவிட்டது. "மயிரிழையில் தவறிற்று!" என்றார் தம் நண்பரிடம். அந்த மயிரிழையின் வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

நம் நாட்டில் பண்டைக்காலத்தில் தான்றிக்காய்களையே சூதுக் காய்களாகக் கொண்டனர். நளன் கதையில் இருதுபன்னன் தான்றி மரம் ஒன்றை நோக்கி, அதன் கிளைகளிலுள்ள இலைகளையும் காய்களையும் கணக்கிட்டுச் சொல்கிறான். நளன் எண்ணிப் பார்க்கச் சரியாக இருக்கிறது. அந்த எண்ணும் கலையைக் கற்ற பின்னரே நளன் சூதில் வெல்கிறான். சூதின் உட்பொருள் எண்ணிக்கை என்பதை அக்கதை செய்தவர் அறிந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன். வள்ளுவரும் சூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார்.

பொறி பின்னர் வந்தது. பவேரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சார்லஸ் ஃபே என்பவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், சான் பிரான்சிஸ்கோவில் 'லிபர்ட்டி பெல்' என்னும் காசுப் பொறியைச் செய்தார். காசு ஒன்றைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் மூன்று சக்கரங்கள் சுழன்று நிற்கும். ஒவ்வொன்றிலும் பத்து நிலைகள். ஆகவே 10 × 10 × 10, ஆயிரம் விதமான முடிவுகள். மூன்று மணிகள் ஒருசேர வந்தால் கிடைத்த பெரும்பரிசோ பத்துக் காசுதான்! ஆயினும் அதில் ஒரு நேர்மை இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த சக்கரமே முடிவைத் தந்தது.

அந்த நேர்மை 1984ஆம் ஆண்டில் முடிவுற்றது. நார்வேயில் பிறந்த இங்கே தெல்னஸ் என்னும் கணிதர் அவ்வாண்டு ஒரு காப்புரிமை பெற்றார். அவர் முறைப்படி, முடிவைத் தருவது சக்கரமன்று. உள்ளே ஓயாது எண்களைப் பிறப்பிக்கும் கணிப்பொறி. பொத்தானை அழுத்தும் கணத்தில் எந்த எண் உள்ளதோ அதுவே முடிவு. சக்கரம் சுழல்வது வெறும் அறிவிப்பு. கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் 22 நிலைகள் இருக்கலாம். உள்ளே கற்பனைச் சக்கரம் ஒன்றில் 64 நிலைகள் வைக்கலாம். அவற்றுள் ஒன்றே ஒன்றைப் பெரும்பரிசுச் சின்னத்துக்குக் கொடுத்தால், மூன்றும் ஒன்றுசேரும் வாய்ப்பு 10,648இல் ஒன்றாகத் தோன்றி, உண்மையில் 2,62,144இல் ஒன்றாகிவிடும். எஞ்சிய நிலைகளுள் பலவற்றைப் பரிசுச் சின்னத்தை அடுத்த வெற்றிடங்களுக்கு ஒதுக்கினால்? சின்னம் அடிக்கடி கோட்டுக்குச் சற்று மேலோ கீழோ வந்து நிற்கும். ஆடுபவர் 'மயிரிழையில் தவறிற்று' என்பார்!

இணையச் சூதில் சக்கரமே இல்லை. முடிவு தொலைவிலுள்ள கணிப்பொறியில் பிறக்கிறது. கைப்பேசி படம் காட்டுகிறது. முன்பு நூறு முறை தோற்றதை அந்த எண்கள் அறியா. ஆகையால் 'இனி வரவேண்டும்' என்னும் எண்ணத்துக்கு இடமில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து திரும்பக் கிடைக்கும் ஆட்டம் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல கணக்காகத்தான் தோன்றும். கையிலுள்ள பணம் முழுவதும் பதினான்கு முறை பந்தயத்தில் புகுந்து வெளிவந்தால், சராசரியாகப் பாதிக்கும் குறைவாகவே எஞ்சும்.

நம் மாநிலத்தின் போக்கும் நேராக இருந்ததில்லை. 1930ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் சூதாட்டச் சட்டம் இயற்றப்பட்டது. 1968இல் அரசே பரிசுச் சீட்டு நடத்திற்று. 2003இல் பரிசுச் சீட்டுகள் அனைத்தும் தடைசெய்யப்பட்டன. இணையச் சூதுக்கு எதிரான சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் செல்லாதென்றது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022இல் குழு அமைந்தது; ஆளுநர் திருப்பியனுப்பிய மசோதா மீண்டும் நிறைவேறி 2023இல் சட்டமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றை விலக்கி, வாய்ப்பையே நம்பிய ஆட்டங்கள் மீதான தடையை ஏற்றது. சுழற்பொறி அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமை, வாய்ப்பு என்ற வேறுபாட்டையே பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் யாவற்றையும் விலக்கியிருக்கிறது.