மாற்று நீர் இல்லாதோர்: சென்னைக் கடினநீரின் வரலாறு



ஓர் அட்டவணையிலிருந்து தொடங்குகிறேன். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வகுத்துள்ள ஐ.எஸ். 10500 என்னும் ஆவணத்தில் பல பொருள்களுக்கு இரண்டு எல்லைகள் தரப்பட்டுள்ளன. ஒன்று ஏற்கத்தக்க எல்லை. மற்றொன்று, வேறு நீராதாரம் இல்லாத நிலையில் அனுமதிக்கத்தக்க எல்லை. மொத்தக் கடினத்தன்மைக்கு முதல் எல்லை லிட்டருக்கு 200 மில்லிகிராம், இரண்டாவது 600. கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்களுக்கு 500, 2000. சாக்கடைக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் நைட்ரேட்டுக்கு மட்டும் 45 என்ற ஒரே எல்லைதான்; அதில் தளர்வு இல்லை.

'வேறு நீராதாரம் இல்லாத நிலை' என்பதைப் பொறியாளர்கள் ஒரு சலுகையாக வாசிக்கிறார்கள். எனக்கு அது வரலாற்றுக் கேள்வியாகப் படுகிறது. சென்னையில் யாருக்கு வேறு நீராதாரம் இல்லாமல் போனது? எப்படிப் போனது?

அதற்குமுன் கடினநீர் பற்றி ஒரு விளக்கம். கால்சியமும் மக்னீசியமும் மிகுதியாகக் கரைந்த நீரைக் கடினநீர் என்கிறோம். அதைக் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும் என்று நம் மேடைகளிலேயே சொல்கிறார்கள். அதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. உலக சுகாதார நிறுவனமும் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் எல்லை எதையும் வகுக்கவில்லை. ஆகவே நம் வாதத்தை அதன்மேல் கட்ட வேண்டாம். கடினநீர் வாங்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது. சோப்பு நுரைக்காது, ஒரு கட்டி போகும் இடத்தில் இரண்டு போகும். பருப்பு வேகாது, அடுப்பு கூடுதல் நேரம் எரிய வேண்டும். பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஏறும், துணி நைந்துபோகும். இவையெல்லாம் பெண்களின் உழைப்பிலிருந்தும் கூலிக் காசிலிருந்தும் கழிபவை. எந்த ஆய்வக அறிக்கையிலும் இந்தக் கணக்கு வராது. ஆனால் உப்புத் தண்ணி, நல்ல தண்ணி என்று தனித்தனிக் குடம் வைத்திருக்கும் வீடுகளில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

சென்னை கடலோர நகரம். அதன் நிலத்தடி நீர் இடத்துக்கு இடம் மாறும். சில தெருக்கள் தள்ளினாலே உவர்ப்பாகிவிடும். நல்ல ஊற்று எங்கே என்று தெரிந்துகொள்வதே இங்கு அதிகாரமாக இருந்தது. 1772இல் பெத்தநாயக்கன்பேட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி தோண்டிய கிணறுகள்தாம் இன்றைய ஏழுகிணறு என்ற பெயருக்குக் காரணம். கறுப்பர் நகரத்து மண்ணின் நல்ல ஊற்று கோட்டைக்கு ஓடியது.

1872இல்தான் நகரத்துக்கு முறையான குழாய் நீர் வந்தது. பொறியாளர் ஃப்ரேசரின் திட்டப்படி கொசஸ்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் தடுத்து, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாகத் திறந்த வாய்க்காலில் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து இரும்புக் குழாய்களில் நீர் தன் சரிவிலேயே ஓடியது. வடிகட்டல் கிடையாது. மணல் வடிப்பான்கள் வந்தது 1914இல்.

இது மழைநீர், ஏரிநீர். நிலத்தடி நீரோடு ஒப்பிட்டால் மென்மையானது. கிணற்றுக்கு உரியவன் உண்டு, அவன் சாதி உண்டு. தெருக்குழாய்க்கு அப்படியொரு பரம்பரை உரிமையாளன் இல்லை. அந்த அளவில் குழாய் ஒரு விடுதலைக் கருவிதான். ஆனால் பாசனத்தில் கடைமடை இருப்பதுபோல் குழாய்க்கும் கடைமடை உண்டு. சரிவில் ஓடும் நீர் போகும் வழியெல்லாம் எடுக்கப்பட்டுவிட்டால், கடைசித் தெருவுக்குக் காற்றுதான் வரும். அங்கே அடிபம்பு நட்டார்கள்.

அதே காலத்தில் நகருக்கு வெளியே அரசு என்ன செய்தது? 1924இல் சென்னைச் சட்டமன்றம் பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லா வகுப்பாருக்கும் திறந்தவை என்று தீர்மானித்தது. ஆனால் 1920களில் தொழிலாளர் துறை செய்த பெரும்பணி சேரிகளுக்குத் தனிக் கிணறு தோண்டுவது. அந்தக் கிணறுகளால் தாகம் தணிந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஊர்க் கிணறு தொடப்படாமலே இருந்தது. சேரி எந்த மண்ணில் ஒதுக்கப்பட்டிருந்ததோ அந்த மண்ணின் நீரே அதன் பங்காகவும் ஆயிற்று. 1927இல் மகாதில் அம்பேத்கரும் தோழர்களும் அருந்திய சவதார் குளத்து நீரைச் சாதி இந்துக்கள் பிறகு சாணமும் கோமியமும் ஊற்றித் 'தூய்மை' செய்தார்கள். நீரின் தரத்துக்கு இந்த நாட்டில் ஆய்வகத்துக்கு முன்பே ஓர் அளவுகோல் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வேங்கைவயல் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். நான் பேசுவது யாரும் வந்து எதையும் கலக்காமலே மெல்லக் கெட்டுப்போகும் நீரைப் பற்றி. மீஞ்சூரைப் பாருங்கள். நகரின் தேவைக்காக 1960களின் இறுதியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகளால் நீர் உறிஞ்சினார்கள். நன்னீர் இறங்க இறங்க, கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. பின்னாளில் விவசாயிகளின் கிணற்று நீரையும் குடிநீர் வாரியம் விலைக்கு வாங்கியது. கிணறு வைத்திருந்தவருக்கு நீர் விற்ற காசு மிஞ்சியது. நிலமற்ற கூலித் தொழிலாளிக்கு விற்கக் கிணறு இல்லை. உவர்த்துப்போன அடிபம்பு மட்டும் மிஞ்சியது. இந்த வேறுபாட்டைக் கடல்நீர் ஊடுருவல் வரைபடங்களில் தேடினால் கிடைக்காது.

2000க்குப் பின் இன்னொரு திருப்பம். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி தலித்துகளும் பிற உழைக்கும் மக்களும். அந்த நிலமோ பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். நகரின் நடுவில் இருந்தபோது ஏரிநீர்க் குழாயின் அருகிலாவது இருந்தார்கள். இப்போது குழாய் ஒரு நாள் நின்றால் லாரியை எதிர்பார்க்க வேண்டும், அல்லது இருபது லிட்டர் கேன் வாங்க வேண்டும். இன்று 'வேறு நீராதாரம்' என்பது கடையில் விலைக்குக் கிடைப்பது. 2019இல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது நகரம் முழுவதும் தவித்தது என்று எழுதினார்கள். ஆனால் கேன் வாங்க முடிந்தவரின் தவிப்பும் முடியாதவரின் தவிப்பும் ஒன்றாகுமா?

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். உங்கள் பகுதிக் குடிநீரின் ஆய்வறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்குங்கள். கிடைத்ததும், கடினத்தன்மையை எந்த எல்லையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 600உடன் ஒப்பிட்டு 'குடிக்க உகந்தது' என்று எழுதியிருந்தால், அந்தப் பகுதிக்கு வேறு நீராதாரம் இல்லை என்று எந்த அதிகாரி, எந்தத் தேதியில், எந்த ஆவணத்தின்படி முடிவு செய்தார் என்று கேட்டு இரண்டாவது மனு போடுங்கள்.